வானம், தேயிலை

உயரத்தை நான் அடியில் அளப்பதில்லை.
தவறில் அளக்கிறேன்.
கோயில் கொடிமரத்துக்கு மேலே ஒரு தவறு,
யூக்கலிப்டஸ் நுனிக்கு மேலே இரண்டு,
விமானம் ஒரு சிம் அட்டை அளவுக்குச் சிறுத்துவிட்டால்
மூன்று.

மூன்றுக்குக் கீழே புதிதாக எதையும் பழகாதே என்று
சிறகின் மேற்புறத்தில் மார்க்கரால் எழுதியிருக்கிறேன்.
தலைகீழாகப் பறந்தால்தான் அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்.
தெரியும், அவ்வளவுதான்.
அந்தத் தூரத்தில் வாசிக்க முடியாது.

மீன்பெட்டி ரெஜிபோம்.
உள்ளே உடைந்த குடைக் கம்பி.
திருத்தக் கொடுத்துவிட்டு ஒரு வருடமாய்த் திரும்பாதவர்களின்
போன்களில் இருந்து கழற்றிய திருகாணிகள்.
ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.
காலை ஏழு மணிக்கு மேற்பிரிவு மைதானம் எங்களுடையது.
ஒன்பதரைக்குப் பள்ளத்தாக்கில் இருந்து காற்று ஏறிவரும்,
பிறகு கிரிக்கெட் பையன்களுடையது.

சக்கரமும் குட்டிக்கரணமும் ஒரு மாதத்தில் வந்துவிட்டன.
கத்திமுனைக்கு மூன்று மாதம்.
ஒருக்களித்துப் பறக்கையில்
இரண்டு சிறகும் சும்மா இருக்கும்,
ஒல்லி உடம்புதான் காற்றைத் தாங்கும்.
இங்கே காற்றும் மெலிவு. சுக்கானை
வலிக்க வலிக்கப் பிடிக்கவேண்டும்.

கவிழ்ந்து பறப்பது வேறு.
கவிழ்ந்தால், இழுத்தால் விழும்,
தள்ளினால் எழும்.
கட்டைவிரலுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.
முழங்கைக்குள் இருக்கிற பயத்துக்கு
யார் சொல்வது?

சசாங்க ஆட்டோவை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் நிற்பான்.
நான் விமானத்தைப் பார்ப்பேன், அவன் நிலத்தைப் பார்ப்பான்.
அன்றைக்குக் கத்தினான்:
"உடட்ட! உடட்ட!"
மேலே என்றால் மேலே.
இழுத்தேன்.

கவ்வாத்து வெட்டி இரண்டு வாரமான மலை.
கொழுந்து நிற்கும் மலை என்றால் மெத்தை மாதிரி ஏந்தியிருக்கும்.
இது முழங்கால் உயரத்துக்கு ஈட்டி.
வால் ஒரு நிரையில், மோட்டர் மூன்று நிரை தள்ளி,
என் கணுக்காலில் இரண்டு அட்டை.

ஆட்டோவின் பின்சீட்டில் பசை காயும்வரை
ஒன்றரை மொழியில் சண்டை பிடித்தோம்.
யாருடைய மேல்?
வானத்தினுடையதா, விமானத்தினுடையதா,
என் கையில் இருக்கிற குச்சியினுடையதா?
அவன் வானத்தைச் சொன்னானாம்.
எனக்கு எப்படித் தெரியும்,
கவிழ்ந்து கிடப்பவளுக்கு?

கடைசியில் மேல், கீழ் இரண்டையும் விட்டுவிட்டோம்.
மூக்கு எங்கே போகவேண்டுமோ அதைச் சொல்:
வானம்.
தேயிலை.
இந்த இரண்டும் எப்படிப் புரண்டாலும்
இடம் மாறுவதில்லை.

பிறகு வந்த ஞாயிறுகளில்
நாலு பேட்டரி வரைக்கும் அதே இரண்டு சொல்தான்.
"வானங்," என்பான், அவன் நாக்கில் அது அப்படித்தான் வரும்.
"தே கொள," என்பேன் நான், அதுவும் எப்படி வந்ததோ.
சந்தைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள்.
ஒரு பிள்ளை எங்களுக்கு முன்பே கத்தத் தொடங்கியது,
பெரும்பாலும் சரியாக.

இன்றைக்கு ஒரு தவறு உயரத்தில்
மைதானத்தின் இந்தக் கோலில் இருந்து அந்தக் கோல்வரை
முதுகைப் புல்லுக்குக் காட்டிக்கொண்டு போனது.
விரலில் நடுக்கமில்லை.
சசாங்க வாயே திறக்கவில்லை.
எழுத்தைக்கூட வாசித்திருப்பேன், இன்னும் கொஞ்சம்
கிட்டவாக வந்திருந்தால்.

டைமர் கீச்சிட்டது.
அரைச் சுற்றில் நிமிர்த்தினேன்.
நிமிர்ந்தது விமானம் மட்டும்தான்.
விரல் இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தது,
அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தது.

"வானங்!" என்றான்.
மூக்கு ஏற்கெனவே புல்லுக்குள்.

சிறகுக்கு ஒன்றுமில்லை.
பிரொப்பெல்லர்தான்.
டப்பாவில் இன்னும் இரண்டு இருக்கிறது.
மணி ஒன்பது பத்து.